காய் அறைக் கதவும் மகளின் மீட்டிங்கும்

செப்டம்பர் 8, திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்தேன். முந்தின வாரம் மலையிலிருந்து ஜீப்பில் இறங்கிய ஏலக்காய் மூடைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய் அறைக் கதவை மறுபடி அடைத்தேன். வெளிச்சமும் ஈரக்காற்றும் பட்டால் காயின் பச்சை வெளுத்துவிடும். வெளுத்த காயை ஏலத்தில் யாரும் மதிப்பதில்லை. அதனால் கதவுக்கடியில் சாக்கை மடித்துத் திணித்து, காலால் ஓர் உதை கொடுத்து இறுக்குவது என் வழக்கம்.

எட்டரைக்கு மகள் பின்னறையில் கம்ப்யூட்டரைத் திறந்தாள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். விடுப்பு தொடங்கும் வரை இங்கிருந்தே வேலை பார்க்க சென்னை ஆபீசில் சம்மதித்திருந்தார்கள். ஆனால் போன வாரம் இரண்டு மீட்டிங்கில் நெட் இழுத்து, பாதியில் அவள் பேச்சு நின்றுபோனது. இன்னொரு முறை இப்படியானால் நேரில் வந்துவிட வேண்டும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அடுத்த மீட்டிங் மறுநாள் காலை. அந்த வயிற்றோடு அவளை ரயிலேற்ற எனக்கு மனமில்லை.

பின்னறைக்கு வைஃபை எட்டாது. ஹாலில் இருக்கும் ரூட்டரிலிருந்து அவள் மேசை வரை வயர் இழுத்திருந்தோம். வயரில் வந்தும் நெட் நொண்டுகிறது என்றால் நடுவில் யாரோ உறிஞ்சுகிறார்கள் என்று கணக்குப் போட்டேன். மாடியில் குடியிருக்கும் கொழுந்தனார்தான் பாஸ்வேர்டு வாங்கியிருந்தவர். அவர் வீட்டு டிவியில் எந்நேரமும் கிரிக்கெட் சத்தம்.

"சித்தப்பா மேல எதுக்கும்மா சந்தேகப்படுற?" என்றாள் மகள்.

"சந்தேகம் இல்ல. மாத்திப் பாத்தாத் தெரிஞ்சுபோகும்."

பாஸ்வேர்டை மாற்ற வைத்தேன். சற்று நேரத்தில் கொழுந்தனார் படியிறங்கி வந்தார்.

"மதினி, நெட்டு நின்னுபோச்சு. இங்கயும் அப்படித்தானா?"

"இங்க நிக்கல தம்பி. நொண்டுது."

"எனக்கு நல்லாத்தான ஓடுச்சு."

அது எப்படி மாடிக்கு மட்டும் நல்லா ஓடும் என்று எனக்கு இன்னும் கோபம் ஏறியது. ஆனால் அவர் இணைப்பு அறுந்த பிறகும் மகளின் கம்ப்யூட்டரில் வேகம் கொஞ்சமும் கூடவில்லை. ரூட்டர் பக்கத்தில் நின்று அவள் செல்போனில் பார்த்தாள், பறந்தது. கம்ப்யூட்டரை ஹாலுக்குத் தூக்கி வந்து, ரூட்டரோடு வந்த குட்டி வயரைச் சொருகினோம். அதிலும் பறந்தது. ரூட்டரிலும் குறையில்லை, கம்ப்யூட்டரிலும் குறையில்லை. மிச்சம் அந்த நீள வயர்தான்.

அதைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். ஹால் சுவரோரம் போய், பின்னறைக்குக் குறுக்கு வழியாகக் காய் அறைக் கதவுக்கடியில் நுழைந்தது. சாக்கை உருவினேன். நிலைப்படியில் வயர் அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. வயர் இழுத்தபோது அந்த அறை காலி. கதவு திறந்தே கிடந்தது. மூடைகள் வந்த வாரம்தான் நெட் நொண்ட ஆரம்பித்தது.

கொழுந்தனார் குனிந்து பார்த்தார். "காய காப்பாத்துறேன்னு நெட்ட மிதிச்சுப்புட்டீகளே மதினி. நானும் கள்ளனாகிப் போனேன்."

"உங்கள யாரு கள்ளன்னா?"

"பாஸ்வேர்டு சொல்லுச்சு. இருங்க, வெரசா வர்றேன்."

மாடிக்குப் போய் ஒரு புது வயர்ச் சுருளைக் கொண்டுவந்தார். அதைக் காய் அறைப் பக்கமே விடாமல், சமையலறை வழியாக உயரத்தில் ஆணியடித்து அவரே இழுத்தார். பின்னறையில் நெட் பறந்தது. மகள் சிரித்தாள். நான் காப்பி கொடுத்தேன். புது பாஸ்வேர்டை மட்டும் கொடுக்கவில்லை. வைஃபையில் டிவி பார்க்கிற வீட்டில் அத்தனை நீள வயர் எதற்கு இருந்தது?

மறுநாள் காலை எழுந்ததும், வாசல் தெளிக்கும் முன்பே ஸ்டூல் போட்டு ஏறி, ரூட்டரிலிருந்து மேசை வரை அந்த வயரைக் கையால் தடவிக்கொண்டே வந்தேன். மாடிக்கு எங்கேயும் கிளை பிரியவில்லை. இறங்கி, ஒரு தாளில் பாஸ்வேர்டை எழுதி மாடிக்குக் கொடுத்துவிட்டு வந்து, மீட்டிங்குக்கு மகளை எழுப்பினேன்.