டிரைசிலா, சேலனா: ஓகூஸிலிருந்து ஒரு முன்னோட்டம்

பனிச்சறுக்கு தெரியாத இருவர், நோர்வேயின் டிரைசிலுக்குப் போவது நல்லதா, சுவீடனின் சேலனுக்குப் போவது நல்லதா? மூன்று வாரம் இதைப் படித்தும் விசாரித்தும் பார்த்துவிட்டேன். எனக்குப் பதில் தெரியாது. தெரிந்துகொண்டதை மட்டும் எழுதுகிறேன்.

யோசனை என்னுடையது அல்ல. என் கணவர் குமரன் வேலை செய்யும் தொழிற்சாலையில், பெப்ரவரி வந்தால் மதியச் சாப்பாட்டு மேசையில் பனிச்சறுக்கைத் தவிர வேறு கதை இல்லை. இருபத்து நான்கு வருடம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஐம்பத்து மூன்றாவது வயதில், தானும் ஒருமுறை சறுக்குக்கட்டையில் ஏறி நின்று பார்க்கவேண்டும் என்றார். சப்பாத்தை வாடகைக்கு எடுக்கவேண்டிய எந்தப் பொழுதுபோக்கிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனாலும் மகன் கொப்பன்ஹேகனில் படிக்கிறான், வீட்டில் இருவர்தான். சரி என்றேன். மார்ச் முதல் கிழமைக்கு இரண்டு இடத்திலும் மரக்குடில் பதிந்துவைத்தோம். நவம்பரில் ஒரு ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் ஏதாவது ஒன்றைக் கட்டணமில்லாமல் நீக்கிவிடலாம்.

கணக்கு இதுதான். நாங்கள் இருக்கும் ஓகூஸிலிருந்து வடக்கே போனால், ஓல்போ நகரைத் தாண்டியதும் நெடுஞ்சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளையில் ஹியர்ட்சால்ஸ் துறைமுகம். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து நோர்வேயின் லார்விக்குக்குக் கப்பல் மூன்றே முக்கால் மணி, பிறகு டிரைசிலுக்கு ஏறக்குறைய 340 கிலோமீற்றர். மற்றக் கிளையில் பிரெடெரிக்ஸ்ஹாவ்ன். அங்கிருந்து கோத்தன்பர்க்குக்கு மூன்றரை மணி, பிறகு சேலனுக்கு 450 கிலோமீற்றர். குடில் வாடகையில் பெரிய வித்தியாசம் இல்லை. சேலன் தாழ்ந்த மலைகள், டிரைசில் உயரம் கூடியது. பழகுகிறவர்களுக்கு இரண்டிலும் தனிச் சரிவு உண்டு.

இந்தக் கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது. லார்விக்கிலிருந்து போகும் வீதி டிரம்மன் நகரால் போகிறது. அங்கே குமரனின் அக்கா, என் மச்சாள், இருக்கிறார். நாலு வருடத்துக்கு முன், ஒரு ஜூன் வெள்ளிக்கிழமை, அக்காவின் மகளுக்குக் கலியாணம். அதே நாளில்தான் எங்கள் மகன் ஜிம்னாசியம் என்கிற உயர்தரப் பாடசாலையை முடித்து, அதற்குரிய வெள்ளைத் தொப்பி போட்டான். இங்குள்ள வழக்கப்படி லொறியில் வகுப்பே ஏறி வீடு வீடாகப் போய், எங்கள் வாசலுக்கும் வந்தது. எங்களுக்கு ஒரே பிள்ளை. நாங்கள் ஓகூஸில் நின்றுவிட்டோம். தாய்மாமன் இல்லாமல் அந்தக் கலியாணம் நடந்தது. சண்டை என்று எதுவும் இல்லை. அக்காவின் தொலைபேசி அழைப்புகள் நின்றன, அவ்வளவுதான். இவரும் அழைக்கவில்லை.

எங்கள் ஆட்களிடம், உறவினர் வீட்டு வாசலால் போய் இறங்காமல் போவது, கலியாணத்துக்குப் போகாததைவிட மோசம். அதனால் கப்பல் நேரம், காற்று, சுங்கவீதிக் கட்டணம் என்று இவர் சேலனுக்கு நியாயங்கள் சேர்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பொய்யில்லை. நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மலை ஏறுமுன் உடம்பு என்ன சொல்கிறது என்று பார்க்க, அந்த ஞாயிறுக்கு முதல்நாள் சனிக்கிழமை சில்க்கபோவுக்கு அப்பால் உள்ள ஒரு பயிற்சிச் சரிவுக்குப் போனோம். 52 கிலோமீற்றர், ஐம்பது நிமிடம். பனி கிடையாது, புல்லுப்போன்ற பிளாஸ்டிக் விரிப்பு. தொண்டர்கள் நடத்துவதால் திறக்கும் நாட்கள் மாறும், ஆகவே பெயர் எழுதவில்லை. போகும் வழியில் வானமலை என்று பொருள்படும் பெயர்ப்பலகை வரும். உயரம் 147 மீற்றர். இந்த நாட்டவர்கள் ஏன் விடுமுறைக்கு வெளியே ஓடுகிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சப்பாத்து, சறுக்குக்கட்டை, தலைக்கவசத்துடன் இரண்டு மணிநேரத்துக்கு ஆளுக்கு 180 குரோனர். பழக்கியவர் பீர்த்த என்ற, எழுபது வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை. டிரைசிலா சேலனா என்று அவரிடமும் கேட்டேன். எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இரண்டிலும் நீங்கள் சிறுபிள்ளைகளின் சரிவைவிட்டு வெளியே போகப்போவதில்லை, குடிலில் சாப்பாடு சமைக்க வசதி எங்கே என்று பாருங்கள் என்றார். அன்று கேட்ட மிகச் சரியான ஆலோசனை அதுதான்.

எனக்கு எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்தது. சறுக்குக்கட்டைகளின் முன்நுனிகளைச் சேர்த்துக் காலை அகட்டினால் வேகம் குறைகிறது, அதில் மர்மம் எதுவும் இல்லை. குமரன் ஐந்தாவது தரம் இறங்கும்போது காலை அகட்ட மறந்தார். விழும்போது இரண்டு கையையும் முன்னால் ஊன்றினார். மருத்துவ அவசர இலக்கத்துக்கு அழைத்து முப்பத்தைந்து நிமிடம் காத்திருந்து, அவர்கள் சொன்ன இடத்தில் எக்ஸ்ரே படம் எடுத்தோம். முறிவு இல்லை. இரண்டு மணிக்கட்டுக்கும் கட்டுப்போட்டு, பத்து நாள் எதையும் தூக்கவேண்டாம் என்றார்கள்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். சேலனையே வைத்துக்கொள்வோம் என்றார். கப்பல் நேரத்துக்காகவா என்று கேட்டேன்.

"லார்விக்கிலை இறங்கினா அக்கா வீட்டாலைதான் போகவேணும்."

"இறங்கி ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்."

"கதவைத் திறக்காட்டி என்ன செய்யிறது? சொல்லும்."

வைப்பரைப் போட்டுவிட்டு ஓட்டினேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பாடசாலைப் பிள்ளைகள் இல்லாதவர்கள் பாடசாலை விடுமுறை வரும் ஆண்டின் ஏழாம், எட்டாம் வாரங்களைத் தவிர்த்து மார்ச்சில் போங்கள், கூட்டமும் குறைவு, வெளிச்சமும் அதிகம். கப்பல் காற்றுக்கு நிற்கலாம், ஒருநாள் கையிருப்பாக வைத்திருங்கள். பயிற்சிச் சரிவில் முழுக்கைச் சட்டையும் தடித்த கையுறையும் அவசியம், விரிப்பு தோலை உரசும். விழவேண்டி வந்தால் பக்கவாட்டில் விழுங்கள், கையை ஊன்றாதீர்கள். எந்த மலை சிறந்தது என்று ஒப்பிடும் கட்டுரைகள் நன்றாகச் சறுக்குபவர்கள் எழுதுபவை. எங்களைப் போன்றவர்களுக்கு மலை முக்கியமே இல்லை, வழியில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். ஆதாரம் ஒரேயொரு தம்பதி மட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த நாள் நடந்தது இது. ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு, கட்டுப்போட்ட கையோடு இருந்தவருக்கு நான் சோறு தீத்தி முடித்ததும், அக்காவின் இலக்கத்தை அழுத்தச் சொன்னார். மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போடவா என்றேன்.

"வேண்டாம். ஸ்பீக்கர் எண்டு அக்கா கண்டுபிடிச்சிடுவா. காதிலை பிடியும்."

பிடித்தேன். ஆறாவது தரம் மணி அடித்ததும் அக்கா எடுத்தார். நான்தான் என்றார் இவர். பிறகு இவர் கலியாணத்தைப் பற்றி ஏதோ தொடங்கி, நடுவில் நிறுத்தி, சறுக்கப் போய் விழுந்து கையில் அடி என்று சொல்லிவிட்டார். அதன்பின் மச்சாளின் குரல் எனக்கும் தெளிவாகக் கேட்டது. என்ன கை, எந்தக் கை, இந்த வயதில் இவனுக்கு யார் சறுக்கச் சொன்னது, ஆர் சோறு தீத்துறது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். மார்ச்சில் டிரைசில் போகிற யோசனை என்றும், திரும்பும்போது ஒருக்கா வந்து பார்க்கலாமோ என்றும் இவர் கேட்டார்.

"திரும்பேக்கை நீ கால் முறிஞ்செல்லோ வருவாய்? போகேக்கையே வா. ரெண்டு நாள் நிண்டிட்டுப் போ."

நாற்பத்தொரு நிமிடம் பேசினார்கள். நான் மூன்று தரம் கை மாற்றினேன். ஐந்து மணிக்குச் சேலன் குடிலை நீக்கிவிட்டு, டிரைசில் குடிலை இரண்டு நாள் பிந்திக் கேட்டு எழுதினேன்.