ராஜகுமாரத்தியின் அரக்குச் சேலை

பதுளைக் கடைவீதியில் முஸ்லிம் நானாவின் துணிக்கடைக்குள் நுழைந்தால் முதலில் மூக்குக்குத்தான் வேலை. கஞ்சி போட்ட புதுத்துணியின் வாசனை, அதன்மேல் நானா காதில் செருகியிருக்கும் அத்தர்ப் பஞ்சின் வாசனை, வெள்ளிக்கிழமையாக இருந்தால் அதற்கும் மேலே சாம்பிராணி. கொழுந்து வாடும் வாசனையைத் தவிர வேறொன்றையும் உடுப்பில் சுமந்தறியாத தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு அது அரண்மனை. எங்கள் வேதப் புத்தகத்தில் ஒரு கல்யாணப் பாட்டு உண்டு. எபிரேயக் கவிஞன் எவனோ தன் ராஜாவின் திருமணத்துக்குக் கட்டியது. ராஜாவின் உடுப்பெல்லாம் வெள்ளைப்போளமும் சந்தனமும் இலவங்கமுமாக மணப்பதாக அதில் வரும். வெள்ளைப்போளம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ராஜா எப்படி மணந்திருப்பான் என்பது தெரியும்: நானா கடை மாதிரி.

அந்தமுறை அம்மாவும் நானும் போனது சித்தப்பாவின் கல்யாணத்துக்கு, மணப்பெண்ணுக்கு வெள்ளைச் சேலை எடுக்க.

"வெள்ளையா? மௌத்து வீட்டுக்கா தங்கச்சி, கலியாண வீட்டுக்கா?" என்றார் நானா. சாவைத்தான் அவர் மௌத்து என்பார்.

"கலியாணத்துக்குத்தான் நானா. நாங்க வேதக்காரவுங்கன்னு தெரியாதா?"

"தெரியும், தெரியும். கேட்டு வைக்கிறது நல்லம். ரெண்டுக்கும் வேற வேற வெலை."

அம்மா சிரித்துக்கொண்டேதான் துணியைத் தடவிப் பார்த்தாள். அந்தக் கேள்வி பெரகலச் சந்தி வரைக்கும் எங்களோடு பஸ்ஸில் வரும் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

பெரகலச் சந்திக்கு மேலே, ரோட்டிலிருந்து கொஞ்சம் ஏறினால் எங்கள் கோயில். தகரக்கூரை, ஒரு மணி, உட்கார இரண்டு வரிசை வாங்கு. தோட்டத்தில் முக்கால்வாசிப் பேர் மாரியம்மன் கோயில்காரர்கள். மிச்சமிருந்த "வேதக்காரர்", அதாவது கிறிஸ்தவர்கள், நாங்கள். எங்கள் கோயிலில் மட்டும் ஒரு வழக்கம் இருந்தது, வேறெங்கும் நான் பார்த்ததில்லை. மணப்பெண் வாசலில் கால்வைத்ததும் பாட்டு நின்றுவிடும். ஐயர், அதாவது பதுளையிலிருந்து மாதமொருமுறை வருகிற குருவானவர், அந்த எபிரேயக் கல்யாணப் பாட்டை வாசிக்கத் தொடங்குவார். வாசிப்புக்கு ஏற்ப அவள் அடியெடுத்து வைத்து வரவேண்டும். ராஜகுமாரத்தியை ராஜாவிடத்தில் அழைத்து வருகிறார்கள் என்ற இடத்தை அவர் வாசிக்கும்போது அவள் மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். தோழிகள் அவளுக்குப் பின்னால் போவதாகப் பாட்டில் வருவதால், வெள்ளை கவுன் போட்ட சின்னப்பெண்கள் "தோழிப்பிள்ளைகள்" என்ற பேரில் பின்னால் நடப்போம். முந்தினாலும் பிந்தினாலும் அம்மாமார் பல்லைக் கடிப்பார்கள்.

அந்த ராஜா யார் என்று ஐயர் எங்களுக்குச் சொல்லியிருந்தார். ராஜா கிறிஸ்து, மணவாட்டி சபை, அவள் மறக்கவேண்டிய தகப்பன் வீடு என்பது நாம் விட்டுவந்த பழைய வாழ்வு. சபை என்றால் யார் ஐயா என்று ஒருநாள் கேட்டதற்கு, "இங்க உக்காந்திருக்கிற எல்லாருந்தான்" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி வாங்கில் பீடி வாசனையோடு வாச்சர் மாமா தூங்கிக்கொண்டிருந்தார். அவரும் ராஜாவின் மணவாட்டிதான் என்பதை ஜீரணிக்க எனக்குப் பல ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

சித்தப்பா லொறியில் "கிளீனராக" மொனராகலைப் பக்கம் போய்வந்தவர். அங்கே ஒரு இறப்பர் தோட்டத்தில் பார்த்த பெண் மரகதம். தாயில்லாப் பெண், மரத்தில் பால் வெட்டும் தகப்பன் ஒற்றை ஆளாக வளர்த்தது. அவர்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்த வேண்டுமென்று கல்யாணத்துக்கு ஒரு மாதம் முந்தியே மரகதம் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்துவிட்டாள். சித்தப்பா சிநேகிதன் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டார். வேற பேர் வைக்க வேண்டுமா என்று அம்மா கேட்டபோது, "மரகதம் ராஜா பொக்கிஷத்துல இருக்க வேண்டிய பேருதானே, இருக்கட்டும்" என்று ஐயர் சொல்லிவிட்டார். அவள் பொதுவாக அதிகம் பேசமாட்டாள். பேசினால் வெட்டின மாதிரி இருக்கும்.

கல்யாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் அவளுடைய அப்பா வந்து சேர்ந்தார். மொனராகலைத் தாத்தா என்று நாங்கள் பேர் வைத்தது அன்றைக்குத்தான். ஒரு பக்கம் பலாப்பழம், மறுபக்கம் காகிதத்தில் சுற்றி நூல் கட்டின பார்சல். தேத்தண்ணி குடிக்கும்போதுதான் கொடியில் தொங்கிய வெள்ளைச் சேலையைப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

"மரகதத்துக்குத்தாண்ணே. நாளைக்கு" என்றாள் அம்மா.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்கப்பன் செத்த அன்னிக்கு எங்காத்தாளுக்கு இத கட்டிவிட்டாங்க. அவ செத்த அன்னிக்குத்தான் அவுத்தாங்க. எம் மகளுக்கு நீங்க கல்யாணத்தன்னிக்கே கட்டிவிடப் போறீங்களா?"

"அய்யோ, அது அப்படியில்லண்ணே. எங்க வேதத்துல அப்படித்தான் இருக்கு."

"அப்ப அந்த வேதத்தையே கூப்புட்டுப் பக்கத்துல நிக்க வச்சுக்குங்க தாயி. நான் எதுக்கு?"

அம்மா பொய் சொல்லவில்லை. வேதப் புத்தகத்தின் கடைசியில் ஒரு மணவாட்டி வருகிறாள், ஆட்டுக்குட்டியானவருக்கு, அதாவது கிறிஸ்துவுக்கு, நியமிக்கப்பட்டவள், அவளுக்கு உடுத்தக் கிடைப்பது வெண்மையான மெல்லிய துணி. அவளும் சபைதான், கல்யாணப் பாட்டின் ராஜகுமாரத்தியும் சபைதான் என்று பிரசங்கங்களில் கேட்டுக் கேட்டு, இருவரும் எங்கள் தோட்டத்தில் ஒருத்தியாகி, ஒரே வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டார்கள். பாட்டுக்காரி என்ன உடுத்தியிருக்கிறாள் என்று யாரும் தனியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. வாசிக்கும்போதெல்லாம் கண்முன்னே வெள்ளைப் பெண் நடந்து வந்ததால் காது கண் சொன்னதையே கேட்டது.

பார்சலை அம்மாவின் கையில் திணித்துவிட்டு தாத்தா இறங்கிப் போனார். என் அப்பா பின்னாலேயே போய்க் கெஞ்சிப் பார்த்துத் தனியாகத் திரும்பி வந்தார். சந்தியில் தேத்தண்ணிக்கடை விறாந்தையில் படுத்திருந்துவிட்டுக் காலை ஏழு மணி பஸ்ஸில் ஊருக்குப் போகப் போகிறாராம். மரகதம் அடுப்படியில் பலாப்பழத்தைப் பார்த்தபடி நின்றாள். அந்த மனிதர் பஸ் ஏறிவிட்டால் மறுபடி இந்த மலை ஏறமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். சித்தப்பாவை விடவும் அவளுக்கு மனமில்லை. இரண்டில் ஒன்று போகப்போகிறது என்பது எனக்கே விளங்கியது.

விடிந்ததும் அவள் குளித்துவிட்டு வந்து, "அக்கா, அந்தப் பார்சலை எடுங்க" என்றாள்.

அம்மா நகரவில்லை. "சபையில என்ன சொல்லுவாங்க?"

"சபை சொல்றத சாயந்தரம் கேட்டுக்கிறேன். எங்கப்பா ஏழு மணிக்குப் போயிருவாரு."

நூலை அவிழ்த்தது அம்மாதான். அரக்கு நிறம், அகலமான மஞ்சள் ஜரிகைக் கரை, உடம்பு முழுக்கப் பச்சையும் நீலமுமாகப் பூ. கொஞ்சம் கண்ணைக் குத்தும் சேலைதான். கொசுவம் வைத்துக் கட்டி முடித்ததும் அம்மா, தோற்றவள் மாதிரியும் தோற்காதவள் மாதிரியும், வெள்ளை "நெட்" முக்காட்டை எடுத்து அவள் தலையில் குத்தினாள். "இதையாவது போட்டுக்க."

மாப்பிள்ளையிடம் போகுமுன் அப்பனை நோக்கி ஒரு ஊர்வலம் அன்று கிளம்பியது. முன்னால் மரகதம், பின்னால் வெள்ளை கவுனில் நாங்கள் தோழிப்பிள்ளைகள், சேறு படாமல் முந்தானையைத் தூக்கிப் பிடித்தபடி நான். வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். "ஏ பொண்ணே, கோயிலு மேல இருக்கு, நீ கீழ போற!" என்றாள் ஒருத்தி. "தெரியும்க்கா, மாமனாரைக் கீழ விட்டுட்டாரு ஒங்க தோட்டத்து மாப்புள்ள, கூட்டியாரப் போறேன்" என்றாள் மரகதம், நிற்காமல்.

தாத்தா தேத்தண்ணிக்கடை வாங்கில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

"எந்திரிப்பா."

"பஸ்ஸு வரப்போவுது."

"வரட்டும். நீ ஏறமாட்ட."

அவள் சேலையைப் பார்த்து, "ஒங்க சாமி கோவிச்சுக்காதா, இந்தக் கலருக்கு?" என்று கேட்டார்.

"அவரு ராசாவாம்ப்பா. ராசாவுக்குச் சீலைக் கலரா பெருசு? எந்திரி, மாப்புள்ள இரவல் கோட்டுல வெந்துக்கிட்டு நிப்பாரு."

தேத்தண்ணிக்கடைக்காரர் காசு வாங்கவில்லை. பஸ் வந்தது, நின்றது, போனது.

கோயில் வாசலில் ஐயர் நின்றிருந்தார். சேலையைப் பார்த்தார், தாத்தாவைப் பார்த்தார். உள்ளேயிருந்த பெண்கள் எட்டிப் பார்த்துக் காதைக் கடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "நேரமாச்சு, வாங்க." பிறகு தாத்தாவிடம் தணிந்த குரலில், "யார் குடுக்கிறீங்கன்னு நான் கேப்பேன். 'நான்' அப்படின்னு மட்டும் சொன்னாப் போதும்" என்றார்.

வாசிப்புத் தொடங்கியது, மரகதம் தகப்பன் கையைப் பிடித்தபடி நடந்தாள். ராணி ராஜாவின் வலதுபக்கம் பொன்னணிந்து நிற்கிறாள் என்று வந்தது. அடுத்து அந்த வரி வந்தது: குமாரத்தியே, உன் ஜனத்தையும் தகப்பன் வீட்டையும் மறந்துவிடு என்று. தாத்தா நின்றுவிட்டார். அவர் நின்றதால் அவள் நின்றாள், அவள் நின்றதால் நான் அவள் முதுகில் முட்டிக்கொண்டேன். ஐயர் நிறுத்தவில்லை. அவள் உடுப்பு பொற்சரிகையால் ஆனது என்று வாசித்தார். பல நிறத்துப் பூவேலை செய்த உடையோடு அவளை ராஜாவிடத்தில் அழைத்து வருகிறார்கள் என்று வாசித்தார். வாங்குகளில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எத்தனை கல்யாணத்துக்குக் கேட்ட வரி! அம்மாவின் வாய் திறந்தபடி இருந்தது. வாசிப்பு முடிந்துவிட்டது, மணப்பெண் இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறாள். பிறகு தாத்தா நடக்கத் தொடங்கினார். மிச்ச தூரத்தை எந்த வார்த்தையும் இல்லாமல், செருப்பில்லாத நாலு கால்களின் சத்தத்தோடு மட்டும் அவர்கள் கடந்தார்கள்.

"இந்தப் பெண்ணை இந்த மனிதனுக்கு மணமுடித்துக் கொடுப்பவர் யார்?"

"நாந்தாங்க" என்றார் தாத்தா. ஐயர் அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனார். "குடுக்கிறேங்க. ஆனா மறந்துருன்னு சொல்லிக் குடுக்கலீங்க. தீவாளிக்கு வந்துட்டுப் போவணும்."

கடைசி வாங்கில் வாச்சர் மாமா முழித்துக்கொண்டு சிரித்துவிட்டார். ஐயர் புத்தகத்தில் இல்லாத ஒரு சொல்லைச் சொன்னார்: "ஆகட்டும்."

வளர்ந்த பிறகு இந்தப் பாட்டைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். அது முதலில் உண்மையான ஒரு ராஜாவுக்கும், அநேகமாக அந்நிய தேசத்திலிருந்து வந்த உண்மையான ஒரு பெண்ணுக்கும் பாடப்பட்டது என்கிறார்கள். பிறகு யூதர்கள் அந்த ராஜாவில் வரப்போகிற மீட்பரைக் கண்டார்கள். கிறிஸ்தவர்கள் வந்துவிட்டவரைக் கண்டார்கள். வலதுபக்கம் நின்ற ராணியைச் சிலர் சபை என்றார்கள், சிலர் மாதா என்றார்கள், சிலர் ஒவ்வொரு ஆத்துமாவும் என்றார்கள். எல்லாமே எனக்குச் சம்மதம். ஆனால் எந்த விளக்கத்திலும் பதில் கிடைக்காத இரண்டு விஷயங்கள் உண்டு. அந்தப் பாட்டு முழுக்க மணப்பெண் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவளுடைய அப்பன் வருவதேயில்லை. மறக்கவேண்டிய வீடாக மட்டும் இருக்கிறான். தகப்பன் வீட்டை மறப்பது எப்படி என்று எங்களுக்கு எந்தக் கவிஞனும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடல்தாண்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். திருச்சிப் பக்கம் எந்த ஊர் என்று கேட்டால் கையை வடக்கே காட்டுவோம், அவ்வளவுதான். அதனால்தானோ என்னவோ, ஒரு மனிதன் கோயில் நடுவில் நின்று அதற்குச் சம்மதமில்லை என்று சொன்னது தோட்டம் முழுக்க நெடுநாள் பேச்சாக இருந்தது.

மரகதம் சித்தி ஒவ்வொரு தீபாவளிக்கும் மொனராகலைக்குப் போனாள். முதல் இரண்டு தடவை சபையில் முணுமுணுத்தார்கள். பிறகு அவள் கொண்டுவரும் அதிரசத்துக்குக் காத்திருந்தார்கள். தாத்தா போன பிறகும் அவள் போவதை நிறுத்தவில்லை, சொந்தக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று.

இப்போது அந்தக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பத்துப்பேர் சேர்ந்தால் அதிகம்; இளையவர்கள் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலைகளுக்குத் தைக்கப் போய்விட்டார்கள். கல்யாணங்கள் பதுளையில் மண்டபத்தில் நடக்கின்றன. வாசிப்புக்கு நடக்கும் வழக்கம் என் தலைமுறையோடு நின்றுபோனது. ஒலிபெருக்கியில் இசை போடுகிறார்கள், பெண் அதற்கு நடக்கிறாள். போன மாதம் அப்படியொரு கல்யாணத்தில் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முடி நரைத்து, காது மந்தமாகி, ஆனாலும் முன்னால் குனிந்து எதற்கோ காத்திருந்தாள். மோதிரம் மாற்றி, கையெழுத்துப் போட்டு, எல்லாம் முடிந்து ஆட்கள் எழும்பிவிட்டார்கள்.

"யாரு குடுக்கிறீங்கன்னு ஐயரு கேக்கவே இல்லையேடி" என்றாள்.

"இப்ப அதைக் கேக்கிறதில்ல சித்தி. புது ஆராதனை ஒழுங்குல எடுத்துட்டாங்க."

அவள் மேடையைப் பார்த்தாள். அங்கே பெண்ணின் அப்பா, வாயைத் திறக்க ஒரு இடமும் கிடைக்காமல், போட்டோவுக்கு எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"பாவம் மனுசன்" என்றாள் சித்தி. "அவருக்கும் ஏதாச்சும் சொல்ல இருந்திருக்கும்."