திருநீறு பூசுமுன் பார்த்த இடம்

முதற்பிள்ளையைப் பறிகொடுத்த எங்களுக்கு, மாசியில் ஒரு மகன் பிறந்தான். முப்பத்தோராம் நாள் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, பிறப்புத் துடக்குக் கழித்து, பிள்ளைக்கு இடுப்பில் புதுக் கறுப்பு நூல் கட்டி, முழுகவார்த்தோம். பின்னேரம் பிள்ளை வீரிட்டு அழுதது, பாலும் குடிக்கவில்லை.

"வந்த சனத்தின்ரை கண்ணூறு நாவூறுதான். தம்பி, திருநீறு போடு," என்றார் என் அக்கா.

"இல்லை மச்சாள், காலை மடக்கி மடக்கி வயித்திலை இடிக்குது. அதிலைதான் எங்கையோ நோகுது," என்று மனைவி அழுதாள்.

சிவசிவ என்று சொல்லி, வயிற்றில் பூசுவதற்காகச் சட்டையை விலக்கினேன். நனைந்து இறுகிய நூல் சதைக்குள் புதைந்திருந்தது. வெட்டியதும் பிள்ளை விம்மி அடங்கிப் பால் குடித்தது.

பிள்ளை காலால் சொன்னது தாய்க்கு விளங்கியது. எனக்கு ஆண்டவன் காட்டித்தந்தான். இப்போதும் பிள்ளை அழுதால் திருநீற்றைத்தான் எடுக்கிறேன். ஆனால் உடுப்பைக் கழற்றி, உடம்பு முழுவதும் பார்த்த பிறகே பூசுகிறேன்.