முதலில் கொடுத்த கம்பளி

ரிவர்ஸ்டன் பக்கத்து மலைத்தோட்டம் ஒன்றில் செபஸ்தியன் என்றொரு கங்காணி இருந்தான். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. ஆனால் மனுசனை எங்கே தொட்டால் துள்ளுவான் என்று அவனுக்குத் தெரியும். அது தெரியாமல் இருந்திருந்தால் நன்றாய் இருந்திருப்பான்.

எழுபத்து நாலாம் வருசம். சோற்றுக்கும் மாவுக்கும் சனம் செத்துக்கொண்டிருந்த காலம். செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் பேர் இருந்தால் தோட்டத்தில் மாவு கிடைக்கும், லயத்தில் குடியிருக்க ஒரு காம்பரா கிடைக்கும். பேரை வெட்டினால் இரண்டும் போச்சு. ரத்தோட்டைக் கடைத்தெருவில் கை நீட்ட வேண்டியதுதான். அப்படி இறங்கிப் போனவர்கள் திரும்பி ஏறி வந்ததில்லை.

செபஸ்தியனின் அக்கா சவரியம்மா அவன் கேங்கில்தான் கொழுந்து பறித்தாள். புருசன் இல்லை, பிள்ளை இல்லை. நெஞ்சிளைப்பு இருந்தது. நாலு செடி பறித்தால் ஐந்தாவது செடியைப் பிடித்துக்கொண்டு நின்று இருமுவாள். நிறுவைக்குப் போகிற வழியில் மற்றப் பெண்கள் ஆளுக்கொரு பிடி கொழுந்தை அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கும் சீக்காளிக்கும் அங்கே அது வழக்கம். யார் பறித்த கொழுந்து என்று தராசு கேட்காது. அவள் பேர் வெட்டுப்படாமல் ஓடியது அப்படித்தான்.

அந்த வருசம் புதுத் துரை ஒருத்தன் வந்தான். கூடப் பறித்தால் மாதக் கடைசியில் ஆளுக்கொரு கம்பளி என்று சொல்லிப் பார்த்தான். ஒருத்தியும் அசையவில்லை. வயிறு காய்ந்தவளுக்கு மாதக் கடைசி எங்கே தெரியப் போகிறது?

"எனக்கு ஒரு ரோசன இருக்குங்க தொரை," என்றான் செபஸ்தியன். "கம்பளிய மொதல்லயே குடுத்துருங்க."

"வேலை செய்யாம சாமான் குடுக்கிறதா? ஒனக்குப் பைத்தியமா கங்காணி?"

"ரத்தோட்டையில ஜுனைதீன் மொதலாளி புடவைக்கடை வச்சிருக்காருங்க. அவரு சீலைய மடிப்போட காட்ட மாட்டாரு. ஒதறித் தோள்ல போட்டுவிட்டு, 'கெடக்கட்டும் தங்கச்சி, புடிக்கலன்னா எடுத்துக்கிறேன்'னு சொல்லுவாரு. தோள்ல விழுந்தத எடுக்க ஒருத்தியும் விடமாட்டா. வரப்போறதுக்கு யாரும் ஓடமாட்டாங்க தொரை. இருக்கிறத புடுங்குறோம்னு சொல்லுங்க, உசுர விட்டு ஓடுவாங்க."

துரை சிரித்தான். செபஸ்தியன் இன்னொன்றும் சொன்னான். ஆளாளுக்கு நிறுத்துப் பார்க்க வேண்டாம், கேங்கின் மொத்த நிறையை எத்தனை தலையோ அத்தனையாகப் பங்கு போட்டுப் பார்த்தால் போதும். தலைக்கு இவ்வளவு என்று துரை வைக்கிற அளவுக்குக் குறைந்தால் எல்லாருடைய கம்பளியும் திரும்பிவிட வேண்டும். இதை அவன் துரைக்காகச் சொல்லவில்லை, அக்காவுக்காகச் சொன்னான். மொத்தத்தில் போட்டால் அவளுடைய குறை மறைந்துபோகும் என்று கணக்குப் போட்டான்.

மார்கழிப் பனியில் கம்பளி வந்து இறங்கியது. தடித்த கறுப்புக் கம்பளி. அன்றைக்கு லயத்துப் பிள்ளைகள் எல்லாம் விடியும்வரை விழிக்காமல் தூங்கின. அதற்குப் பிறகு பார்க்க வேண்டும் அந்தப் பெண்களை. காய்ச்சலோடு மலைக்குப் போனார்கள். அட்டை கடித்து வழிந்த ரத்தத்தைத் துடைக்கக் குனியவில்லை. வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைமடுவத்தில் குழந்தைகள் கத்திக் கிடந்தன, பால் கொடுக்க யாரும் இறங்கி வரவில்லை. துரை செபஸ்தியனின் முதுகில் தட்டினான். தட்டின சூட்டோடு, தலைக்கு இன்னும் கொஞ்சம் ஏற்று என்றான்.

அளவை ஏற்றியதும் நிறை எட்டாமல் குறைந்தது. ஏன் குறைந்தது என்று தேட அந்தப் பெண்களுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. அக்காவின் கூடையில் போடுகிற பிடிக் கொழுந்தால் இப்போது யாருக்கும் பயனில்லை. எந்தக் கூடையில் கிடந்தாலும் மொத்தம் அதேதான். பங்கு போடும்போது அவள் தலையும் ஒரு தலை. முன்பு தராசுக்குத் தெரியாமல் இருந்தவளை, ஒளித்துவைக்கப் போய், ஊருக்கே காட்டிக்கொடுத்துவிட்டான் தம்பி.

பிடி போடுவது முதலில் நின்றது. பிறகு பேச்சு நின்றது. அவள் இருமினால், "ஆரம்பிச்சிருச்சு மணியடிக்க," என்பாள் அருள்மணி. பக்கத்து நிரையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள்.

ஒரு மாலை நாலைந்து பேர் செபஸ்தியன் வாசலில் வந்து நின்றார்கள். வாய் திறந்தவள் ராசம்மா. சவரியம்மாவோடு ஒரே நிரையில் நின்று வளர்ந்தவள்.

"கங்காணி, நாளையோட மாசம் முடியுது. கொறையுது."

"தெரியும்."

"ஒரு தல கொறஞ்சா சரியாப் போகும்."

"அவ எங்கக்கா, ராசம்மா."

"எம்புள்ளைக்கு நெஞ்சுல சளி. கம்பளிக்குள்ளதான் அது மூச்சு விடுது. ஒங்கக்காவ வச்சிக்கிட்டு எம்புள்ளயப் பொதைக்கவா? நீங்கதானே குடுத்தீங்க. குடுக்காம இருந்திருந்தா கேட்டிருப்பமா?"

அவன் துரையின் பங்களாவுக்கு ஓடினான். இந்த ஒரு மாதம் மட்டும் விடச் சொன்னான். துரை தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஒன் யோசனைதானே கங்காணி? ஒரு தடவ விட்டா யார் பயப்படுவாங்க? எல்லாக் கம்பளியும் எடு, இல்லாட்டி ஒரு பேர் வெட்டு. செய்ய முடியாட்டி ஒன் பேர வெட்டிட்டு வேற கங்காணி பாக்கிறேன்."

மறுநாள் காலை பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் பனி முகத்தில் அடித்தது. பெண்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிரையாக நின்றார்கள். செபஸ்தியன் பேர் வாசித்தான். ராசம்மா, அருள்மணி, மரிய கொறற்றி என்று போனான். அக்கா பேர் வருகிற இடத்தில் நிற்காமல் அடுத்ததுக்குத் தாண்டினான்.

"தம்பி, எம்பேர விட்டுட்ட," என்றாள் சவரியம்மா.

அவன் அடுத்த பேரை வாசித்தான்.

"டேய் செபஸ்தி, ஒனக்குத்தாண்டா சொல்றேன். பாக்காம விட்டுட்ட."

யாரோ ஒருத்தி இருமலை அடக்கினாள். தன் இருமலைக் கேட்டு யாரும் திரும்பிவிடக் கூடாதே என்ற பயம் அவளுக்கு. சவரியம்மா நிரையை ஒரு முறை பார்த்தாள். ராசம்மாவின் முகத்தில் கண் நின்றது. ராசம்மா குனிந்து படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள்.

"கூடை தோட்டத்துச் சாமான், கங்காணி," என்றார் கணக்கப்பிள்ளை மாணிக்கவாசகம். "வாங்கி வச்சிருங்க."

செபஸ்தியன் போய் அக்காவின் தலையிலிருந்த கூடைக் கயிற்றை அவிழ்த்தான். அவள் தடுக்கவில்லை, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தாள். கம்பளிக்கு அவன் கை நீட்டவில்லை. நீட்டியவள் அருள்மணி. "இதுவும் கேங்கு கணக்குதானே," என்றாள்.

அன்றைக்கு நிறை மிஞ்சியது. பொழுது சாயுமுன் சவரியம்மாவின் காம்பராவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் ஒரு சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரத்தோட்டைப் பாதையில் இறங்கினாள். செபஸ்தியன் நிறுவைக் கொட்டகை வாசலில் நின்று பார்த்தான். ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு எங்கே வைப்பது? அவன் பெண்சாதி அதற்குள் கதவைச் சாத்தியிருந்தாள்.

அடுத்த மாதம் துரை தலைக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றினான். பெண்கள் மலையில் ஒருத்தி கூடையை ஒருத்தி எட்டிப் பார்த்தபடி பறித்தார்கள்.