ஆபரேட்டர் வரைந்த வானம்

இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அமீரகத்தின் அல் ஐனில் ஒரு கல்லூரி, இயற்பியல் துறையில் எனக்கு வேலை. நான் எம்.எஸ்ஸி. ஃபிசிக்ஸ். ஆனால் விசாவில் அடித்திருந்தது 'கம்ப்யூட்டர் ஆபரேட்டர்'. கிடைத்த விசாவில் ஏறி வந்துவிட்டேன். துறையின் மூத்த பேராசிரியர் நம்ம ஊர்க்காரர், திருச்சிப் பக்கம். வாய் நிறைய 'தம்பி' என்பார். அதில்தான் நான் ஏமாந்தேன்.

பிரபஞ்சம் பிறந்தபோது இருந்த சூட்டின் மிச்சம் இன்னும் வானமெங்கும் நுண்ணலையாகப் பரவிக் கிடக்கிறது. ஒரு விண்வெளித் தொலைநோக்கி அதை ஐந்து அலைவரிசைகளில் அளந்தது. அந்தத் தரவை யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நம் பால்வீதியின் ஒளி படத்தின் குறுக்கே சிவப்புப் பட்டையாக விழுந்து எல்லாவற்றையும் மறைக்கும். ஐந்து படங்களையும் ஒப்பிட்டு அந்தப் பட்டையை நீக்க வேண்டும். அந்த வேலையைத்தான் பேராசிரியர் என் தலையில் கட்டினார். பிறகு மிஞ்சுவது குருணை இறைத்த மாதிரிப் புள்ளி புள்ளியாக இருக்கும். அதுதான் ஆதி வெளிச்சம்.

எட்டு மாதம் ஐயா, எட்டு மாதம்! வியாழன், வெள்ளி விடுமுறையில் கட்டடத்துக்கு ஏசியை நிறுத்திவிடுவார்கள். கம்ப்யூட்டர் சூடாகிப் படுத்துவிடக் கூடாதே என்று ரூமிலிருந்து டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு போவேன். காற்று கம்ப்யூட்டருக்கு, வேர்வை எனக்கு. "லீவு நாள்லயும் டூட்டியா? ஒனக்குக் கிறுக்குத்தான்டா புடிச்சிருக்கு" என்பான் ரூமில் இருந்த சிவகங்கைக்காரன்.

இதை வைத்துப் பேராசிரியர் எழுதிய கட்டுரையில் என் பெயரையும் போடச் சொல்லி அவரிடம் கேட்டேன். பெயர் வந்தால் அதைக் காட்டி ஊரில் பிஎச்.டி.க்குச் சேரலாம், இந்த ஆபரேட்டர் பிழைப்பை விட்டுத் தொலைக்கலாம்.

"தம்பி, ஒன் விசால என்ன போட்டிருக்கு? ஆபரேட்டர் பேரை ஆராய்ச்சிக் கட்டுரைல போட்டா சிரிப்பாங்கப்பா. அடுத்த தடவ பாப்போம்."

அடுத்த தடவையாம்!

கல்லூரியில் கருத்தரங்கு நடந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு விஞ்ஞானி வந்திருந்தார். பேராசிரியர் தானே என் ஃபோல்டரைத் திறந்து, கண்ணைப் பறிக்கும் படமாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். சுத்தம் செய்த படம் அவருக்கு மந்தமாகத் தெரிந்ததாம். திரையில் விழுந்தது சிவப்புப் பட்டையோடு இருந்த பழைய படம். நான் புரொஜெக்டர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"பால்வீதியை நீக்கவே இல்லையே?" என்றார் விஞ்ஞானி.

பேராசிரியர் திரையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னை நோக்கிக் கையை நீட்டினார். "அது எங்கள் ஆபரேட்டர் செய்த தவறு."

அடப்பாவி மனுஷா! உழைப்புக்கு வராத நான், தப்புக்கு மட்டும் வந்துவிட்டேனா?

நேராகப் போய் என் படத்தைத் திறந்து திரையில் போட்டேன். "நான் செய்தது இது. அவர் காட்டியது சுத்தம் செய்யாதது" என்றேன். விஞ்ஞானி எழுந்து வந்து, படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு என் பெயரைக் கேட்டார். அப்பா பெயரையும் சேர்த்து உரக்கச் சொன்னேன்.

மூன்று மாதத்தில் கட்டுரை வெளிவந்தது. உள்ளே இருந்தது என் படம், பட்டை இல்லாத சுத்தமான படம். மேலே பேராசிரியரின் பெயர் மட்டும் இருந்தது.