குழாய்க்குப் பிறகு துப்பாக்கி

ஆயா விளையாட்டுக் கட்டைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் ஒரு முக்கு, நல்ல தண்ணீரில் இரண்டு அலசல். அதற்குப் பிறகும் ஒவ்வொரு கட்டையையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வெயிலில் பரப்பினாள். நோய்க்குப் பயந்து ஏழு மாதம் பூட்டிக் கிடந்த குழந்தைகள் காப்பகம் திங்கட்கிழமை திறக்கிறது. இன்றைக்குச் சனி.

பத்தொன்பது வருஷமாக இப்படி எதையும் முகர்ந்து பார்த்தே பழகியதால் அவளுக்கு அங்கே 'மோப்பம்' என்று பட்டப்பெயர். எந்தக் குழந்தை கால்சட்டையை நனைத்தது என்று அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடுவாள். கல்யாணமான முதல் வாரமே புருஷன் இருமுவதைக் கேட்டு, பீடியா என்று விசாரித்தவள். பீடி இல்லை, பெயின்ட். சுவருக்குச் சுவர் சுரண்டிச் சுரண்டித் தூசி தின்ற நெஞ்சு அது. இப்போது வேலையும் இல்லை, மூச்சும் பாதிதான். இந்த நோய் வீட்டுக்குள் வந்தால் அவரை எழுப்ப முடியாது என்று டாக்டர் மூடி மறைக்காமல் சொல்லியிருந்தார்.

கட்டைகள் காய்வதற்குள் மேடம் கூப்பிட்டார். காப்பகத்தை நடத்துகிறவர் அவர். மேசைமேல் இரண்டு தாள் இருந்தது. சொந்த விருப்பத்தில்தான் வேலைக்கு வருகிறேன், எனக்கோ என் வீட்டாருக்கோ நோய் கண்டால் காப்பகம் பொறுப்பல்ல என்று அதில் அச்சடித்திருந்தது. சின்ன டீச்சர் முழுசாகப் படிக்கக்கூட இல்லை, கையெழுத்துப் போட்டாள். இன்னும் ஒரு மாதம் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றாள். பெரிய டீச்சர் வேலையை விட்டுவிட்டாளாம், மகனோடு இருக்கப் போகிறாளாம். மருமகள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காதவள் மகனோடு இருக்கப் போகிறாளா என்று ஆயா மனசுக்குள் கேட்டுக்கொண்டாள்.

"வீட்ல ஒரு தரம் படிச்சுக் காட்டிட்டுப் போடறேன், மேடம்."

வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார் மேடம். முகம் சுளிக்கவில்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிடவும் முடியாது. ஒருதடவை ஆயாவின் புருஷனுக்கு மூச்சுத் திணறியபோது தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்.

சாயங்காலம் சின்ன டீச்சர், பிள்ளைகள் உள்ளே வருகிற வரிசையை ஸ்கெட்ச் பேனாவால் ஒரு அட்டையில் எழுதினாள். வாசல் சுவரில் ஒட்டும்போது ஆயாதான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று, துப்பாக்கி, அதாவது காய்ச்சல் பார்க்கிற மிஷின்; சூடு காட்டினால் பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டு, குழாயில் கை கழுவுவது. மூன்று, செருப்பு மாற்றுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம்.

திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், முதல் இரண்டு வரிமேல் வேறு தாள் ஒட்டியிருந்தது. முதலில் குழாய், பிறகு துப்பாக்கி. ஆயா நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தாள். அடியில் பழைய எழுத்து அப்படியே இருந்தது.

"மேடம்தான் மாத்தச் சொன்னாங்க ஆயாம்மா," என்றாள் சின்ன டீச்சர். "கழுவின கையைப் பிடிச்சா எனக்கும் நல்லதுதானே?"

நல்லதுதான். ஆனாலும் ஆயா கிளப்பிய ஓரத்தை ஒட்டாமல் விட்டாள்.

பதினெட்டுப் பிள்ளைகளில் ஒன்பதுதான் வந்தது. நெற்றியில் துப்பாக்கியைக் காட்டினால் அலறுகிறார்கள் என்று மணிக்கட்டில் வைத்துப் பார்த்தார்கள். தூக்கக் கூடாது, மடியில் வைக்கக் கூடாது, அழுதால் ஒரு கை தூரத்தில் நின்று சமாதானம் சொல்ல வேண்டும். தூரத்தில் நின்று சமாதானம் சொல்ல நான் என்ன ரேடியோவா என்று ஆயா முணுமுணுத்தாள். பை மாட்டும் கொக்கிகளைத் துடைத்துக்கொண்டே வந்தவள் வாத்துப் படம் ஒட்டிய கொக்கியில் நின்றாள். மேடத்தின் பேத்தியுடையது. மூடுகிற நாள்வரை ஒருநாள் தவறாமல் வந்த குழந்தை. கொக்கி காலி.

செவ்வாயும் காலி.

புதன்கிழமை, துப்பாக்கி காட்டுகிற சூட்டைக் குறித்து வைக்கும் நோட்டைப் புரட்டினாள். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றைந்தரை, தொண்ணூற்றாறு. மூன்று நாளும் ஒரு பிள்ளைகூட தொண்ணூற்றேழைத் தொடவில்லை. குழந்தைகளா, தவளைகளா?

அன்றைக்கு, வாலு என்று அவள் கூப்பிடுகிற பையன் ஓடவில்லை. மூன்று வயசு, ஜன்னல் கம்பியில் தொங்காவிட்டால் அவனுக்குப் பொழுது விடியாது. கட்டைப் பெட்டிமேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். நோட்டில் அவன் பேருக்கு நேரே தொண்ணூற்றாறு புள்ளி மூன்று. ஆயா கையுறையைக் கழற்றினாள். பிடரியில் கை வைத்தாள். இஸ்திரிப் பெட்டியாகக் கொதித்தது.

ஒரு கை தூரமெல்லாம் அப்போது ஞாபகம் வரவில்லை. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டுதான் அவன் அம்மா வரும்வரை வாசலில் நின்றாள். அவன் மூச்சு அவள் கழுத்தில் சுட்டது. அந்த அம்மா வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்திருந்தாள். காலையில் உங்கள் மிஷின் சரியாகத்தானே காட்டியது என்று கேட்டாள். ஆயா பிள்ளையை அவள் தோளுக்கு மாற்றினாள்.

அவள் போனதும் ஆயா துப்பாக்கியை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்தாள். தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு. குழாயைத் திறந்து, இருபது எண்ணும்வரை கையைக் காட்டி, துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். தொண்ணூற்று நாலரை. மாஸ்க்கை மாற்றி, சோப்புப் போட்டுக் கழுத்துவரை கழுவிக்கொண்டு, மேடத்தின் அறைக்குப் போனாள்.

"கழுவின கையில வெச்சா அது குழாய்த் தண்ணியோட சூட்டைத்தான் காட்டுது, மேடம். மூணு நாளா நாம பிள்ளைங்களைப் பாக்கலை, தண்ணியத்தான் பாத்திருக்கோம்."

மேடம் நிமிர்ந்தார். அப்படியா என்றார். நாளையிலிருந்து மாற்றிவிடலாம் என்றார். வாலுவுக்கு வெயிலில் வந்த சூடாக இருக்கும் என்றார். எல்லாமே சட்டென்று வந்த பதில்கள். அதுதான் ஆயாவுக்குப் பிடிக்கவில்லை. புதுச் சங்கதியைக் கேட்டவர் முகம் கொஞ்சமாவது தடுமாற வேண்டாமா?

"சனிக்கிழமை சரியாத்தான் எழுதியிருந்துது. ஏன் மாத்தச் சொன்னீங்க?"

"கை சுத்தமா இருக்கட்டும்னுதான் ஆயாம்மா. வேற எதுக்கு?" மேடம் தாளை அவள் பக்கம் தள்ளி, பேனாவை அதன்மேல் வைத்தார். "வெள்ளிக்கிழமை எதுக்கு, இன்னைக்கே போட்டுடுங்க. உங்களை விட்டா இந்தப் பிள்ளைங்களுக்கு யார் இருக்கா?"

வார்த்தை உண்மைதான். தேன் மாதிரியும் இருந்தது. ஆயா பேனாவைக் கையில் எடுத்தாள். வீட்டில் மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்தபடி, அவள் வருகிற நேரம் பார்த்து வாசலைப் பார்த்திருப்பவர் கண்முன் வந்தார். இந்தக் கழுத்தோடுதான் அவரிடம் போயாக வேண்டும். பேனாவைத் திரும்பவும் வைத்தாள்.

"போடறேன் மேடம். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க பேத்தி எப்ப வரும்?"

மேடத்தின் கை மேசைமேல் அப்படியே நின்றது.

"வாத்துக் கொக்கியத் தினம் துடைச்சு வெக்கிறேன். நாளைக்கு வருமா? பாப்பா வந்து பை மாட்டின அன்னைக்கு நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

மேடம் செல்போனை எடுத்தார். அது அடிக்கவில்லை, வெளிச்சமும் வரவில்லை. அதைக் காதில் வைத்துக்கொண்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். ஆயாவுக்கு ஒரு கை தூரம் விட்டு, சுவரோரமாக நடந்து, அறையைவிட்டு வெளியே போனார்.