பூட்டுச் சோதனையை அணைத்தது யார்?

அலுவலகத்தில் அவளைத் 'துப்பறியும் அக்கா' என்பார்கள். கணவர் பூட்டிய கதவைத் தானும் ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் படியிறங்க மாட்டாள். லிஃப்ட்டை இயக்கும் சிறு கணினிக்குக் கெர்னல் என்ற அடிப்படை மென்பொருளைக் கட்டித் தருவது அவள் வேலை.

சோதனைக்கூடத்து லிஃப்ட் மூன்று நாளுக்கு ஒருமுறை இரு மாடிகளுக்கு நடுவே அசையாமல் நின்றுவிடும். எதிர்மேசைக்காரர் எழுதிய, கதவைத் திறந்து மூடவைக்கும் 'கதவு டிரைவர்' என்ற நிரல் மேல்தான் அவளுக்குச் சந்தேகம்.

நிரலின் இரண்டு பகுதிகள் ஒரே தரவில் ஒரே நேரத்தில் கைவைக்காதிருக்கக் கெர்னலில் பூட்டுகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டு மற்றதன் பூட்டுக்குக் காத்திருந்தால் எல்லாம் நின்றுவிடும். அதற்கு வழியிருந்தால் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் 'பூட்டுச் சோதனை' என்ற விருப்பத் தேர்வை, கெர்னலில் எவை இருக்கவேண்டும் என்று குறிக்கும் கட்டமைப்புக் கோப்பில் இயக்கி, கெர்னலைக் கட்டினாள். அறிக்கை எதுவும் வரவில்லை. கோப்பைத் திறந்தால் தேர்வு அணைந்து கிடந்தது.

மறுபடி இயக்கினாள். மறுபடி அணைந்திருந்தது.

எதிர்மேசைக்காரர் அன்று வழக்கத்தைவிட அதிகமாகச் சிரிப்பதாகத் தோன்றியது.

"என் ஃபைலைத் தொட்டீங்களா?"

"நான் ஏங்க தொடணும்?"

"உங்க டிரைவர் மாட்டிக்கும்ல, அதான்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று.

கடவுச்சொல்லை மாற்றினாள். மறுநாள் நெட்வொர்க் கேபிளையே பிடுங்கிவிட்டு, நாற்காலியை விட்டு எழாமல் கட்டினாள். அப்போதும் அணைந்தே இருந்தது. வேறு யாரும் தொட்டிருக்க வழியே இல்லை.

கோப்பில் கையால் எழுதுவதை விட்டு, தேர்வுப் பட்டியலைத் திரையில் விரித்தாள். 'கெர்னல் பிழைதிருத்தம்' என்ற பொதுத் தேர்வே அணைந்திருந்தது. அது இல்லாமல் பூட்டுச் சோதனையை இயக்கினால், கட்டும் கருவி சத்தமில்லாமல் அதை நீக்கிவிடும்.

இரண்டையும் இயக்கினாள். லிஃப்ட் ஒரு சுற்று ஏறி இறங்குவதற்குள் அறிக்கை வந்துவிட்டது. கதவு டிரைவர், குழு எழுதிவைத்திருந்த வரிசைப்படியே பூட்டுகளை எடுத்திருந்தது. தலைகீழாக எடுத்தது, மாடி எண்ணும் பகுதி. அதை எழுதியவள் அவள்தான்.

அறிக்கையை அச்சிட்டு அவர் மேசையில் வைத்தாள். "தப்பு என்னோடது. உங்களைச் சந்தேகப்பட்டதும் தப்புதான்."

"ரெண்டு நாளா என்னைத் திருடனைப் பாக்கற மாதிரி பாத்தீங்களே" என்றார் அவர்.

திருத்தியபின் லிஃப்ட் ஒரு மாதம் மக்கர் பண்ணாமல் ஓடியது. அவர் அவளோடு சகஜமாகப் பேசவும் கிட்டத்தட்ட அவ்வளவு காலம் பிடித்தது. ஒரு மதியம் தன் புதிய நிரலோடு வந்து நின்றார்.

"கொஞ்சம் பாருங்க. நல்லாருக்குன்னு சொல்ல ஆள் நிறைய இருக்காங்க. நம்பாம படிக்க நீங்க ஒருத்தர்தான்."

அவள் படிக்க உட்கார்ந்தாள். நான்காவது வரியிலேயே புருவம் சுருங்கியது.